ஷூ கடித்த கால்

ஆம்பூர் வட்டாரத்தில் கடைசிவரை சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஓடிய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றே ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லலாம். அது சாமுவேலின் மகள் ஜாஸ்மினுடைய வண்டி. மற்ற வண்டிகளும் லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஒழுங்காகத்தான் ஓடின. வந்த மறுநாளே ஒவ்வொன்றாக ஹபீபின் கடைக்குத் திரும்பி, சீட்டுக்கு அடியில் ஒரு வெள்ளை ஒயரைப் பிடுங்கிக்கொண்டு, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பறந்துபோயின.

விஷயம் இதுதான். பதினாறு வயது முடிந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் லைசென்ஸ், கியர் இல்லாத, சக்தி குறைந்த வண்டிக்கு மட்டும்தான் செல்லும். ஹபீப் விற்ற வண்டியில் இருந்த மோட்டாரோ அதைவிடத் தெம்பானது. அதனால் அவர் அந்த வெள்ளை ஒயரைச் சொருகி, பவரைக் கட்டிக் கொடுப்பார். கட்டிவிட்டால் முறுக்குகிற கை வலித்தாலும் வண்டி இருபத்தைந்தைத் தாண்டாது.

“லைசென்ஸ் வந்ததும் வண்டிய எடுத்தாந்துடுங்க சாமுவேலண்ணே. ரெண்டு நிமிஷ வேலை. கழட்டி உட்டுட்டா அம்பது போகும்,” என்றார் ஹபீப், சாவியைக் கொடுக்கும்போது.

“கழட்ட வேணாம் பாய். அது எப்பவுமே கழலாத மாதிரி எதுனா பண்ணிக் குடுங்க.”

ஹபீப் தன் காதையே நம்பாமல் அவரைப் பார்த்தார். “இன்னாண்ணே சொல்றீங்க? கடை வச்ச நாள்லேர்ந்து கழட்டச் சொல்லித்தான் வந்திருக்காங்க. பூட்டி வைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்.”

“மொத ஆளாவே இருந்துட்டுப் போறேன். பண்ணுங்க.”

ஹபீப் சிரித்துக்கொண்டே, ஷூ கம்பெனிகளில் அடிப்பாகம் ஒட்டுகிற பசையை எடுத்து, ஒயர் சொருகியிருந்த இடத்தில் தாராளமாக ஊற்றினார். அது காய்ந்து கல்லாகும்வரை சாமுவேல் பக்கத்திலேயே நின்று பார்த்தார். விரலால் அசைத்துப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் மகளை வண்டியில் உட்காரச் சொன்னார். ஜாஸ்மின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

சாமுவேலைக் கஞ்சன், பயந்தாங்கொள்ளி என்றெல்லாம் ஊரில் சொன்னார்கள். கஞ்சத்தனம் கிடையாது, பயம் இருந்தது. அவருடைய அண்ணன் மகன் ஆல்வின், அமிர்தி அருவிக்கு நண்பர்களோடு போய்த் திரும்பும்போது, புது பைக்கின் வேகத்தைக் காட்டப் போய் புளியமரத்தில் மோதினான். உடலை அடையாளம் காட்ட அண்ணனுக்குக் கால் எழவில்லை. பிணவறைக்குள் போய், ஆமாம் இவன்தான் என்று சொல்லிவிட்டு வந்தவர் சாமுவேல். அன்றைக்குப் பிறகு அவர் தன் பைக்கை விற்றுவிட்டு சைக்கிளுக்கு மாறினார். ஒரு மோட்டார் வண்டி வேகமாகக் கடந்துபோனால்கூட அவர் கை சைக்கிள் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவர் மகளுக்கு வண்டி வாங்கியதே பெரிது. ஜாஸ்மின் பிளஸ் டூ. கணக்கில் கெட்டிக்காரி. ஆம்பூரில் பள்ளி தொடங்குமுன் நடக்கிற விடியற்காலை டியூஷனுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் ஊர் வழியாக வருவதெல்லாம் ஷூ கம்பெனி பஸ்கள். அவற்றில் வேலைக்காரர்களைத் தவிர யாரையும் ஏற்ற மாட்டார்கள். அவள் அம்மா ஹெலன் அப்படியொரு பஸ்ஸில்தான் தையல் பிரிவு வேலைக்குப் போனாள். டியூஷன் இல்லாவிட்டால் நினைத்த காலேஜ் கிடைக்காது என்று மகள் அழுதாள். மகள் அழுகிறாளே என்று தாய் மல்லுக்கு நின்றாள். வண்டியும் வேண்டும், மகளும் முழுசாக வீடு திரும்ப வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத் தருகிற ஒரு வெள்ளை ஒயர் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த அன்று சாமுவேலுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வண்டி வந்தது. ஊருக்குச் சிரிக்க ஒரு விஷயம் கிடைத்தது. சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். கம்பெனி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பெண்கள், “ஜாஸ்மினு, எறங்கித் தள்ளிக்கினு போனா சீக்கிரம் போவலாமே,” என்று கூவினார்கள். தெருவில் அந்த வண்டிக்குச் ‘சப்பரம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஜாஸ்மின் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சாமுவேலுக்கோ அந்தக் கேலி அத்தனையும் பாராட்டாகவே காதில் விழுந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். இரவுச் சாப்பாட்டின்போது ஜாஸ்மின் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

“அப்பா, வண்டியில கொஞ்சம் ஸ்பீடு ஜாஸ்தி பண்ணித் தர்றியா?”

“ஏன்?”

“மூடிக் கெடக்குதே பழைய டேனரி, அந்த வளைவுல நாய்ங்க தொரத்துதுப்பா. கூட்டமா வருது. எவ்ளோ முறுக்கினாலும் வண்டி போவ மாட்டேங்குது. கூடவே ஓடி வருது.”

அந்த வளைவை அறியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. தோல் பதனிடும் அந்த டேனரி மூடிக் கிடந்தாலும், சின்னச் சின்னக் கொட்டகைகளில் தோலிலிருந்து வழித்தெடுத்த ஜவ்வையும் கொழுப்பையும் யாரோ இருட்டோடு இருட்டாக அதன் மதிலோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அதைத் தின்று கொழுத்த நாய்கள் அங்கேயே குடியிருந்தன. பகலில் சோம்பிக் கிடக்கும். விடியற்காலையில், புதுத் தீனி வந்து விழுந்த நேரத்தில், அந்தப் பக்கம் யார் போனாலும் பங்குக்கு வருவதாக நினைத்துக்கொள்ளும்.

“நாய் தொரத்தினா வண்டிய நிறுத்திடணும். நீ ஓடறதாலதான் அது தொரத்துது,” என்றார் சாமுவேல்.

“நிறுத்திப் பாத்தேன்ப்பா. சுத்தி நின்னுக்கிச்சு. பால்கார அண்ணன் வந்து வெரட்டினதாலதான் தப்பிச்சேன்.”

“சரி, நாளைக்கு நான் கூட வர்றேன்.”

மறுநாள் விடியலில் அவர் சைக்கிளில் மகளோடு கிளம்பினார். வேலைக்குப் போகிற வழியும் அதுதான். இருபத்தைந்தில் போகிற வண்டியோடு மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே போனார். வளைவு வந்தது. நாய்களும் இருந்தன. ஒன்றிரண்டு தலையைத் தூக்கிப் பார்த்தன. ஒரு செவலை நாய் எழுந்து, சாமுவேலின் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

“பாத்தியா? இன்னா பண்ணிச்சு?” என்றார் சாமுவேல்.

அது என்ன பண்ணும்? காலமெல்லாம் தோலிலும் சுண்ணாம்பிலும் ஊறியவர் அவர். அவர் சட்டை, கைப்பிடி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றிலும் டேனரி வாசம். அந்த நாய்களுக்கு அவர் சோறு போடுகிற வீட்டு ஆள் மாதிரி. சோப்பும் பவுடரும் மணக்க, ‘ங்ங்’ என்று சத்தமிடுகிற ஒரு புது வண்டியில் தனியாக வருகிற பெண் அப்படியில்லை. இந்த வித்தியாசம் சாமுவேலுக்குத் தோன்றவே இல்லை. தன் கண்ணால் பார்த்ததுதான் அவருக்குச் சத்தியம். அவர் வேலையும் அப்படிப்பட்டது. வேறொரு டேனரியில் செலக்‌ஷன் பார்ப்பவர் அவர். பதனிட்ட தோல்கள் மேஜைக்கு வர வர, ஒவ்வொன்றையும் விளக்குக்கு அடியில் விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, உண்ணி கடித்த தடம், முள்கம்பி கிழித்த தடம், கத்தி பட்ட தடம் என்று பிரித்துத் தரம் சொல்ல வேண்டும். அவர் சொன்ன தரத்தை முதலாளிகூட மாற்றுவதில்லை. அப்படி வருஷக்கணக்கில் தீர்ப்புச் சொல்லிப் பழகிய மனிதர், வீட்டிலும் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை தீர்ப்பு வந்தது.

“நாயும் இல்ல, நரியும் இல்ல. ஸ்பீடு வேணும், அதுக்கு ஒரு சாக்கு. ஆல்வினும் இப்படித்தான் ஆரம்பிச்சான், ஒவ்வொரு சாக்கா.”

“இல்லப்பா, நெஜமாவே...”

“இன்னொரு வாட்டி நாய்னு சொன்ன, வண்டிய ஹபீப் பாய்கிட்டயே திருப்பிக் குடுத்துருவேன். டியூஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். படிச்சது போதும்னு ஊட்ல இரு.”

ஹெலன் குறுக்கே வந்தாள். “ஏங்க, பொண்ணு பயந்து சொல்றா. அதுக்கு இன்னாத்துக்கு இப்படிப் பேசறீங்க?”

“பயந்தா போவ வேணாம். அதைத்தான் நானும் சொல்றேன்.”

சொன்னதைச் செய்கிறவர் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஜாஸ்மின் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாய் என்கிற பேச்சே எழவில்லை. தன் கண்டிப்பு வேலை செய்துவிட்டது என்று சாமுவேல் நினைத்தார். மனிதர் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஹெலனின் கம்பெனியில், ஏற்றுமதிக்குத் தேறாத ஷூக்களை வேலைக்காரர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். தையல் ஒரு நூல் கோணியிருந்தாலும் வெள்ளைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான்; அந்தக் கோணல் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஹெலன் மகளுக்கு ஒரு கறுப்பு ஜோடி கொண்டுவந்தாள். ஜாஸ்மினுக்கு அவ்வளவு சந்தோஷம். டியூஷனுக்கும் பள்ளிக்கும் அதையே போட்டுக்கொண்டு போனாள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மாலை, சாமுவேல் வேலை முடிந்து வந்தபோது, ஜாஸ்மின் வாசல் படியில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தாள். குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கத்தில், ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். அவரைப் பார்த்ததும் பாவாடையை இழுத்து மூடினாள்.

“இன்னாம்மா கால்ல?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சொல்லலாமா என்று பார்த்த பார்வை அது. சாமுவேல் அந்தப் பார்வையைப் பின்னால் ஆயிரம் தடவை நினைத்துக்கொள்ளப் போகிறார். அப்போது அவருக்குப் பசி, டீ வேண்டும், சைக்கிளை நிறுத்த வேண்டும்.

“கடிச்சிடுச்சுப்பா,” என்றாள் ஜாஸ்மின்.

“புது ஷூவா? கடிக்கத்தான் செய்யும்,” என்றார் சாமுவேல்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அவர் சைக்கிளை ஓரமாக நிறுத்தப் போனார்.

யாரைச் சொல்லி என்ன? ஆம்பூரில் கால் என்றால் ஷூ; கடித்தது என்றால் ஷூ கடித்தது. காலையில் எழுந்ததிலிருந்து தோலும் ஷூவுமாகவே வாழ்கிற ஜனங்களுக்கு வேறு எதுவும் வாயில் வராது. ‘கடிச்சிடுச்சு’ என்று அந்தப் பெண் சொன்னது பொய்யே இல்லை. எது கடித்தது என்று அவள் சொல்லவில்லை. எது கடித்தது என்று அவர் கேட்கவும் இல்லை. அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நினைக்க நினைக்க எனக்கு அந்த மனிதர்மேல் கோபம்தான் வருகிறது. கூடவே பரிதாபமும் வருகிறது. ஏனென்றால் அடுத்து அவர் செய்தது அப்படி.

டீயைக் குடித்துவிட்டு, மகளின் வலதுகால் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்பக்க விளிம்பைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விறைப்பாகத்தான் இருந்தது. தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு அந்த விளிம்பில் தேய்த்தார். ஒரு துணியைச் சுற்றி, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். மறுபடி எண்ணெய். மறுபடி தட்டல். விளிம்பு குழந்தையின் காது மாதிரி மெத்தென்று ஆகும்வரை விடவில்லை.

ஹெலன் கம்பெனியிலிருந்து வந்து இதைப் பார்த்ததும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எங்க ஷூ கடிக்காது. எத்தினியோ நாட்டுக்குப் போவுது, ஒருத்தன் காலையும் கடிக்கல. இவ காலை மட்டும் கடிச்சிதாமா?”

“ஒங்க கம்பெனியில பின்னால அட்டைய ஜாஸ்தி வைக்கிறானுங்க. அதான்.”

“அட்டைய பத்தி ஒங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க மாட்டுத் தோலைப் பாருங்க.”

“மாட்டுத் தோல் இல்லாம நீ எதுல ஷூ தைப்ப?”

இருவரும் சிரித்தார்கள். ஜாஸ்மினும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். ஹெலன் மகள் பக்கம் திரும்பி, “ரொம்ப வலிக்குதா? காட்டு பாக்கலாம்,” என்றாள். “இல்லம்மா, லேசாத்தான். கழுவி மருந்து போட்டுட்டேன்,” என்றாள் ஜாஸ்மின். அத்தோடு விட்டுவிட்டார்கள். ஊர் மாடுகளின் தோலையெல்லாம் விளக்கடியில் விரித்துப் பார்த்தவர், பெற்ற மகளின் காலை விளக்கடிக்குக் கொண்டுவரவில்லை. ஷூவைத்தான் கொண்டுவந்தார். மறுநாள் காலை அவள் அதைப் போட்டுக்கொண்டபோது, “இப்ப கடிக்குதா?” என்று கேட்டார். “இல்லப்பா,” என்றாள். அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசியைக் காசு வாங்காமல் போடுகிறார்கள். அன்றைக்கே போயிருந்தால், வரிசையில் நின்று, முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்குக்கூட நேரத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அதற்கு ‘நாய்’ என்கிற வார்த்தையை வீட்டில் சொல்ல வேண்டும். சொன்னால் வண்டி போய்விடும், டியூஷன் போய்விடும். காலில் லேசான பல் தடம், அதுவும் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. எந்தப் பக்கம் பாரம் அதிகம் என்று அந்தப் பெண் தன் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தாள். அந்த வயதுக்கு அவளுக்கு டியூஷன்தான் பாரமாகத் தெரிந்தது.

பொங்கல் வந்து போனது. ஜாஸ்மின் ஒருநாளும் டியூஷனைத் தவறவிடவில்லை. கணக்கில் எல்லாரையும்விட அதிக மார்க் வாங்கினாள். காலில் தழும்புகூட மங்கிப்போய், பார்த்தால் தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. சாமுவேல் சந்திக்கிறவர்களிடமெல்லாம் அந்த வண்டியைப் பற்றிப் பேசினார். “வேகம் இருந்தாத்தான் ஆபத்து. என் பொண்ணு வண்டிய பாரு, ஒரு கீறல் உண்டா?” என்பார்.

முதலில் காய்ச்சல் வந்தது. பரீட்சை பயம் என்றார்கள். அப்புறம் கால் குறுகுறுக்கிறது, எரிகிறது என்றாள். ராத்திரியெல்லாம் குதிகாலுக்கு மேலே சொறிந்துகொண்டே கிடந்தாள். ஷூவை நினைத்து சாமுவேல் மறுபடி எண்ணெய் பாட்டிலை எடுத்தார். அடுத்த நாள் மின்விசிறிக் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப்போட்டது. ஹெலன் மாத்திரை கொடுத்து, தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். ஜாஸ்மினின் தொண்டை இழுத்துக்கொண்டது. கண் பிதுங்க, இரண்டு கையாலும் டம்ளரைத் தள்ளிவிட்டாள். தாகமாக இருக்கிறது என்று அவளேதான் கேட்டாள், அவளேதான் தள்ளினாள். தண்ணீர் பாயெல்லாம் ஓடியது.

ஆம்பூரில் பார்த்த டாக்டர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வேலூருக்கு அனுப்பினார். வேலூர் ஆஸ்பத்திரியில், சின்ன வயது டாக்டர் ஒருத்தி, ஜாஸ்மினைத் தனி அறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, பெற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“பாப்பாவை நாய் எதுனா கடிச்சுதா? கொஞ்ச மாசம் முன்னாடி?”

“இல்லீங்க,” என்றார் சாமுவேல், டக்கென்று.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பூனை, குரங்கு? கால்ல, கையில எதுனா காயம்?”

“கால்ல ஒரு தடவ ஷூ கடிச்சிது. வேற எதுவும் இல்லீங்க. நான்தான் அந்த ஷூவைச் சரி பண்ணேன்.”

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் கட்டிலருகே போய், ஜாஸ்மினின் தலைமாட்டில் குனிந்து, மெதுவாக அதையே கேட்டாள். ஜாஸ்மினுக்கு அப்போது நினைவு தெளிவாக இருந்தது. அவள் பதில் சொல்லுமுன் கதவருகே நின்ற அப்பாவைப் பார்த்தாள். கேட்டது டாக்டர். ஆனால் அனுமதி அங்கிருந்துதான் வர வேண்டும் என்பதுபோல் பார்த்தாள். சாமுவேல் ஓரடி உள்ளே வந்தார்.

“சொல்லும்மா,” என்றார்.

“டேனரி வளைவுல,” என்றாள் ஜாஸ்மின். “கறுப்பு நாய். பல்லு லேசாத்தான் பட்டுது. சோப்பு போட்டுக் கழுவிட்டேன்.”

ஹெலன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

டாக்டர் சாமுவேலை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள். கடித்தவுடன் ஊசி போட்டிருந்தால் தப்பியிருக்கலாம் என்றாள். இப்போது வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டது, வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை என்றாள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். அவள் சொன்னதெல்லாம் சாமுவேலுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். “என் கண்ணு ரெண்டையும் எடுத்துக்கங்க டாக்டர்,” என்று ஏதோ சம்பந்தமில்லாமல் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் உள்ளே போனார். ஜன்னலை மூடி, விசிறியை நிறுத்தி, அறையை இருட்டாக வைத்திருந்தார்கள். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டிருந்ததால் அவள் கொஞ்சம் அமைதியாக இருந்தாள். உதடு வெடித்துக் கிடந்தது. அதை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்க அவரால் முடியாது. 

“அப்பா, கோவமா?”

“இல்லம்மா.”

“நான் பொய் சொல்லலப்பா. கடிச்சிடுச்சுன்னுதான் சொன்னேன்.”

“ஆமாம்மா. நீ சொன்ன. நான்தான் கேக்கல.”

அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். எச்சிலை விழுங்க முடியாமல், எதிர்ப்பக்கம் நின்ற ஹெலன் நீட்டிய துணியில் துப்பினாள். அப்புறம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“வண்டிய திருப்பிக் குடுத்துராதப்பா. பரிச்சை வரைக்குமாச்சும். ரிவிஷன் எல்லாம் இப்பதான் நடத்துவாங்க.”

சாமுவேல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “குடுக்க மாட்டேன். ஹபீப் பாயக் கூப்பிட்டு, அந்த ஒயரக் கழட்டச் சொல்லிடறேன். இன்னிக்கே.”

அவள் நம்பாமல் அவரைப் பார்த்தாள். “நெஜமாவா? கழட்டினா எவ்ளோ போவும்?”

“அம்பது போவுமாம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டாள். கணக்கு அவளுக்கு எப்போதும் சரியாக வரும். “அது போதும்ப்பா,” என்றாள். “நாய் அவ்ளோ ஓடாது.”

ஹெலன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனாள். சாமுவேல் மகளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜாஸ்மின் மறுபடி கண்ணைத் திறந்தாள். அவர் அழுவதைப் பார்த்ததும், தான் மறைத்ததற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

“அழாதப்பா,” என்றாள். “இனிமே எது நடந்தாலும் ஒன்கிட்ட சொல்லிடறேன்.”

“சொல்லும்மா,” என்றார் சாமுவேல்.